பன்னிரண்டாம் வரிசை

நியூ டவுன்
17.11.2024

அன்பு மகள் அக்‌ஷயாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். என் மேல்வரிசைப் பல்செட் மட்டும் நலமாக இல்லை. அந்தக் கதையை நானே சொல்லிவிடுகிறேன், அம்மா சொன்னால் இன்னும் நாலு பல் சேர்த்துச் சொல்வாள்.

திங்கட்கிழமை காலை, பார்க் திறப்பதற்கு முன்னால், வெள்ளோட்டத்துக்காக நம் மர ரோலர் கோஸ்டரில் வழக்கம்போல நானே ஏறினேன். 'வாயை மூடிக்கிட்டு உக்காருங்க' என்று பதினாலு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்கிறவன், மூன்றாவது வளைவில் அது உலுக்கிய உலுக்கலில் 'ஐயோ' என்று வாயைத் திறந்தேன். பல்செட் பறந்துவிட்டது. கீழே புல்லுக்குள் நானும் தோட்டக்காரரும் தவழ்ந்து தேடிக்கொண்டிருக்கும்போது மேனேஜர் சுப்ரியா மேடம் வந்து நின்றார். "கீ ஹொலோ முத்து-தா, என்ன ஆச்சு, என்ன தேடுறீங்க?" ஸ்பானர் என்று சொன்னேன். பல் இல்லாமல் பாதி காற்றாகத்தான் வந்தது. அவர் குனிந்து, செருப்புக்குப் பக்கத்தில் கிடந்த பல்செட்டைக் கைக்குட்டையால் எடுத்து, "இந்த ஸ்பானரா?" என்று கேட்டார். இப்போது பார்க் முழுக்க நான் முத்து அண்ணன் இல்லை, ஸ்பானர் அண்ணன், ஸ்பானர்-தா.

சிரிப்பு போகட்டும். மழைக்காலம் முழுக்க ஊறிய மரம் இப்போது பனியில் சுருங்குகிறது. போல்ட் எல்லாம் தளர்கிறது. காலையில் முறுக்கினால் மாலையில் ஆடுகிறது. அதிலும் கடைசி வரிசை, பன்னிரண்டாவது, சக்கரத்துக்கு நேர் மேலே இருப்பதால் அங்கே உட்காருபவனை அம்மியில் போட்டு அரைத்த மாதிரி ஆக்கிவிடுகிறது. மேடத்திடம் சொன்னேன். "சீசன் முடியட்டும், பிப்ரவரியில மூடிட்டு மரம் மாத்தலாம். அதுவரைக்கும் அந்த வரிசையைக் கட்டிடுங்க. ரெஜிஸ்டர்ல எழுத வேண்டாம்" என்றார். கயிறு கட்டி, 'பெயிண்ட் ஈரம்' என்று பெங்காலியில் போர்டு மாட்டியிருக்கிறேன். ரெஜிஸ்டரில் தினமும் போல 'ஃபிட்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் முகாமில் ஞாயிற்றுக்கிழமை தரும் பத்து நிமிட ஃபோனையும் அம்மாவே பேசித் தீர்த்துவிடுகிறாள். எனக்குக் கடிதம்தான் கதி. ஒடிசாவில் குளிர் எப்படி? காதை மூடிக்கொண்டு தூங்கு.

இப்படிக்கு,
பல் கிடைத்த அப்பா, முத்துக்குமார்


பயிற்சி முகாம், ஒடிசா
30.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சௌக்கியம், வலது முட்டி மட்டும் தனியாக அழுகிறது. உங்கள் கடிதத்தைப் பக்கத்துக் கட்டில் பிரியங்காவுக்கு பெங்காலியில் சொன்னேன். சிரித்த சிரிப்பில் இரண்டு பேருக்கும் இருபது தண்டால் கிடைத்தது. என் தமிழ் எழுத்து நண்டு நடந்த மாதிரி இருந்தால் திட்டாதீர்கள், நீங்கள்தானே வாத்தியார்.

ஒன்று கேட்கிறேன். இங்கே ஒரு கயிறு இற்றுப்போனால்கூட எழுதி வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அங்கே ஒரு வரிசையையே கட்டி வைத்துவிட்டு 'ஃபிட்' என்று எப்படி எழுதுகிறீர்கள்? இன்னொன்று. போன வருஷம் நாலு ஃப்ரெண்ட்ஸைக் கூட்டிக்கொண்டு வந்தேனே, எங்கள் முறை வந்ததும் 'ரிப்பேர்' என்று மூடினீர்கள். நாங்கள் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது வண்டி ஓடும் சத்தம் கேட்டது அப்பா.

அம்மாவை வெந்நீரில் கால் வைக்கச் சொல்லுங்கள். நீங்களும் குளிரில் மப்ளர் இல்லாமல் மேலே ஏறாதீர்கள்.

அன்புடன்,
அக்‌ஷயா


நியூ டவுன்
15.12.2024

அன்பு மகளுக்கு,

உன் முட்டி தேவலையா? அம்மா தைலம் அனுப்பியிருக்கிறாள், பார்சலில் பாதி தைலம், பாதி முறுக்கு. இரண்டையும் மாற்றிப் பயன்படுத்திவிடாதே.

'ரிப்பேர்' கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டுதான் கேட்கிறாய். விட்டுவிடு.

ரெஜிஸ்டர் பற்றிக் கேட்டாய். முன்பு ஒரு நாள் நிஜத்தை எழுதினேன், 'மூன்றாம் வளைவு, உலுக்கல் அதிகம்' என்று. மேடம் அந்தப் பக்கத்தை நிதானமாகக் கிழித்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கோபப்படவே இல்லை. "மேல இருக்கறவங்க என்னைக் கேப்பாங்க, முத்து-தா. எனக்கும் வீடு இருக்கு" என்றார். புதுப் பக்கத்தில் நானே 'ஃபிட்' என்று எழுதினேன். எழுதியது நான்தான், அவர் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

இந்த மாதம் பாலிகஞ்சிலிருந்து வந்த பேங்க் ஆபிஸர் ஒருவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரு டீச்சருக்கு விலா எலும்பில் கீறல். புதுசாகக் கல்யாணம் ஆன ஒரு பெண் இறங்கினதும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள், மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே ஃபோட்டோ எடுத்தார். காரணம் என்ற கட்டத்தில் 'பயணியின் கவனக்குறைவு' என்று எழுதுகிறேன். ஒரே வரியை எழுதி எழுதி என் கையெழுத்து ரொம்ப அழகாகிவிட்டது. உன் பள்ளிக்கூடத்து ரிப்போர்ட் கார்டில் இப்படிப் போட்டிருந்தால் உன் டீச்சர் என்னை மதித்திருப்பார்.

வயதானவர்களையும் கண்ணாடி போட்டவர்களையும் நடு வரிசையில் உட்கார வைத்துச் சமாளிக்கிறேன். பெயிண்ட் ஏன் இன்னும் காயவில்லை என்று தினமும் பத்துப் பேர் கேட்கிறார்கள். கிறிஸ்துமஸ் கூட்டம் தாண்டிவிட்டால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


நியூ டவுன்
2.1.2025

அன்பு அக்‌ஷயாவுக்கு,

புது வருஷ ஆசீர்வாதம். நீ நலம் என்று நம்புகிறேன்.

இனிமேல் எனக்கு வீட்டு முகவரிக்கு எழுதாதே. பார்க் வாசலில் டீ விற்கிற மது-தா கடை முகவரியைக் கவர் பின்னால் எழுதியிருக்கிறேன். கடிதத்தில் டீ சிந்தியிருந்தாலும் படித்துக்கொள்வேன். அம்மாவிடம் வண்டி ரிப்பேர் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன், நீயும் ஃபோனில் அதையே சொல்.

29ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு பெண்ணுக்கு அடிபட்டுவிட்டது. பெயர் சாய்பிரியா, உன்னைவிட மூன்று நாலு வயது கூட இருக்கும். ஈரோட்டுப் பக்கம். இங்கே ஐ.டி. கம்பெனியில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. கூட வேலை செய்கிற இரண்டு பேரோடு வந்தாள், அவர்கள் முன்னால் ஓடிப்போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். வண்டி திரும்பி வந்து நின்றது. எல்லோரும் இறங்கினார்கள், அவள் மட்டும் இறங்கவில்லை. மடிக்கு மேலே பூட்டியிருந்த கம்பியைத் தூக்கிவிட்டேன். "அங்கிள், என் இடது கை எங்க இருக்குன்னு தெரியல" என்றாள். கை அவள் மடியில்தான் இருந்தது.

கழுத்து எலும்பில் விரிசல் என்று டாக்டர் சொன்னாராம். பின்மண்டையும் சீட்டில் மோதியிருக்கிறது.

பன்னிரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா


பயிற்சி முகாம்
14.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பொங்கல் வணக்கம். இங்கே மெஸ்ஸில் எங்கள் நாலு தமிழ்ப் பெண்களுக்காகச் சர்க்கரைப் பொங்கல் செய்தார்கள், கொஞ்சம் பாயசம் மாதிரி இருந்தது. என்னால் சாப்பிட முடியவில்லை.

அந்த அக்கா எப்படி இருக்கிறார்? கை வந்ததா?

பன்னிரண்டாம் வரிசையில் கயிறு கட்டியிருந்தீர்களே அப்பா. அவர் எப்படி அங்கே உட்கார்ந்தார்?

ஞாயிற்றுக்கிழமை அம்மா 'அப்பா சரியா தூங்கறதில்ல, என்னன்னு கேளு' என்றார். நான் 'ரிப்பேர் வேலை ஜாஸ்தியா இருக்கும்மா' என்று சொன்னேன். எனக்குப் பொய் சரளமாக வருகிறது.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்‌ஷயா


நியூ டவுன்
26.1.2025

அன்பு மகளுக்கு,

நலம். நீ நலமா? உன் கடிதம் மது-தா கடையில் பிஸ்கட் டப்பாவுக்கு அடியில் இருந்து கிடைத்தது.

அந்தப் பெண்ணின் விரல்கள் கொஞ்சம் அசைகின்றன. கழுத்தில் பெரிய பட்டை கட்டியிருக்கிறார்கள். ஊரிலிருந்து அவள் அம்மா ஜகதாம்பாள் வந்திருக்கிறார். இந்த ஊர் பாஷை தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. மேடம் என்னைக் கூப்பிட்டு, ஆப்பிள் ஒரு கூடை, பேப்பர் ஒன்று, இரண்டையும் கையில் கொடுத்தார். "உங்க பாஷைல நீங்க பக்குவமா சொன்னா கேப்பாங்க. அம்மாவும் பொண்ணும் கையெழுத்துப் போட்டா ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நம்மோடது" என்றார். பேப்பரில் எழுதியிருந்தது: எச்சரிக்கையை மீறி, கட்டியிருந்த கயிற்றைப் பயணியே கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரி அறைக்குள் நான் நுழைந்ததும் அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். "வாங்கண்ணா. பிரியா சொல்லுச்சு, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நீங்கதான் தலையைப் புடிச்சுட்டு நின்னீங்களாமா. இந்த ஊருல எங்களுக்கு நீங்க ஒருத்தர்தானுங்க" என்று சொல்லி, கொண்டு போன ஆப்பிளையே நறுக்கி எனக்குக் கொடுத்தார். தின்றேன். என்ன செய்யச் சொல்கிறாய்.

அந்தப் பெண் கூரையைப் பார்த்தபடியே பேசினாள். "அங்கிள், மத்தியானம் சாப்பிட்டது ஞாபகம் இருக்கு. அப்புறம் நீங்க என் தலையைப் பிடிச்சிட்டிருந்தது. நடுவுல ஒண்ணுமே இல்ல. நான்தான் கயித்தைக் கழட்டினேன்னு ஆபிஸ்ல பேசிக்கறாங்களாம். நானா அங்கிள்?"

கண்ணாடி கொண்டு வரவில்லை, பேப்பரை இன்னொரு நாள் படித்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. அந்த அம்மா பார்த்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

பனி அதிகம். மார்பில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்.

அப்பா


பயிற்சி முகாம்
5.2.2025

அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அந்த அக்கா கேட்டதற்கும் நீங்கள் பதில் சொன்னதாக எழுதவில்லை.

அக்‌ஷயா


நியூ டவுன்
9.3.2025

அன்பு அக்‌ஷயாவுக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. நாலு தடவை எழுதினேன், நாலையும் மது-தா அடுப்பில் போட்டார். "தமிழ்ல எழுதினா அடுப்பு நல்லா எரியுது முத்து-தா" என்றார்.

கயிற்றைக் கழற்றியது நான்.

என் கையால் முடிச்சை அவிழ்த்தேன், என் கையால் அவள் மடிக்கு மேலே கம்பியை அழுத்திப் பூட்டினேன். காலையிலிருந்து பெங்காலியில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. பிளாட்பாரத்தில் திடீரென்று அவள் வாயிலிருந்து நம் தமிழ்ப் பேச்சு காதில் விழுந்தது. அந்த ஒரு நிமிஷம் வண்டியே என்னுடையது மாதிரி ஒரு பெருமை. காலையில் அதே வரிசையில் உட்கார்ந்து என் இடுப்பு வலித்தது எனக்குத் தெரியும். தெரிந்தே அவிழ்த்தேன். இதற்கு மேல் அதைப் பற்றி என்னைக் கேட்காதே.

வண்டியை ஓட்டும் பேனலில் இருந்தவர் முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கேமரா பூஜையிலிருந்தே வேலை செய்யவில்லை. அவளுக்கு ஞாபகம் இல்லை. தெரிந்த ஆள் நான் ஒருவன்.

மேடத்திடம் பேப்பரைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "அந்தப் பொண்ணு கழட்டலைன்னா வேற யாருன்னு கேப்பாங்க. அங்க நின்னது நீங்க ஒருத்தர்தான். 'ஃபிட்'னு தினமும் கையெழுத்துப் போட்டதும் நீங்கதான். கேஸ் உங்க மேல வரும். குவார்ட்டர்ஸ் போகும். உங்க பொண்ணு வேற கவர்மென்ட் வேலைக்குப் போறா, போலீஸ் வெரிஃபிகேஷன்லாம் இருக்குமே, யோசிச்சீங்களா?" பிறகு, "நான் மிரட்டல முத்து-தா, எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார். அதுவும் நிஜம்தான்.

அடுத்த மாதம் விசாரணை. மூன்று அதிகாரிகள் வருகிறார்களாம். பொய் சொன்னால் அந்தப் பெண் தலையில் விழுகிறது. நிஜம் சொன்னால் உன் தலையில் விழுமோ என்று பயம். கம்பியைப் பூட்டி வண்டி கிளம்பிவிட்டால் நடுவில் இறங்க முடியாது, எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன்.

பத்திரமாக இரு.

அப்பா


பயிற்சி முகாம்
20.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். துப்பாக்கி சுடுவதில் எங்கள் பிரிவில் இரண்டாவது வந்தேன். உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மூன்று நாள் கோபம். அப்புறம் ஒரு நாள் அழுகை. இப்போது இரண்டும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

உங்களால் என் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கப் போவதும் இல்லை. கேட்டு, 'ஒன்றும் ஆகாது' என்று வந்தால்தான் நீங்கள் நிஜம் சொல்வீர்களா? என்னைக் காட்டி ஒரு பொய்யில் கையெழுத்துப் போடாதீர்கள். பயிற்சி முடிந்து நான் பாஸிங் அவுட் பரேடில் நிற்கும்போது யாருடைய கழுத்துப் பட்டையும் என் ஞாபகத்துக்கு வரக் கூடாது.

முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். பத்து நிமிஷமும் பொய் சொல்லி எனக்கு நாக்கு கூசுகிறது.

வெயில் ஆரம்பித்திருக்கும், மோர் குடியுங்கள்.

உங்கள் மகள்,
அக்‌ஷயா


நியூ டவுன்
13.4.2025

அன்பு மகளுக்கு,

நாளை வருஷப் பிறப்பு, ஆசீர்வாதம். நீ இரண்டாவது வந்ததை மது-தாவிடம் சொன்னேன், அன்றைக்கு டீக்குக் காசு வாங்கவில்லை.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முழுவதும் கேட்டாள். "இதுக்குத்தான் மூணு மாசமா ரசத்துல உப்பு இல்லேன்னுகூட சொல்லாம குடிச்சீங்களா?" என்றாள். அப்புறம் பரண் மேல் இருந்த பெட்டிகளை இறக்கித் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். காலி செய்யச் சொல்லி யாரும் இன்னும் சொல்லவில்லை. சொல்வதற்கு முன்னால் அவள் துடைத்து வைத்துவிட்டாள்.

விசாரணை வெள்ளிக்கிழமை நடந்தது. மூன்று அதிகாரிகள், கம்பெனி வக்கீல் ஒருவர், மேடம். அந்தப் பக்கம் ஜகதாம்பாள் அம்மா, சக்கர நாற்காலியில் சாய்பிரியா. கழுத்துப் பட்டை இன்னும் இருக்கிறது. இடது கையால் ஒரு பிளாஸ்டிக் பந்தை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

முழுக்கைச் சட்டையில் ஒரு கைக்குப் பட்டன் போட மறந்து, அது தொங்கத் தொங்கப் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். மரம் சுருங்கியது, வளைவு உலுக்கியது, கிழிந்த பக்கம், 'பயணியின் கவனக்குறைவு' என்று நான் எழுதியதெல்லாம் என்னுடைய கவனக்குறைவுதான் என்பது வரைக்கும். கிழிந்த பக்கத்தைப் பற்றி மேடத்திடம் கேட்டார்கள். ஞாபகம் இல்லை என்றார், என்னைப் பார்க்காமல்.

வக்கீல் விடவில்லை. நல்ல கெட்டிக்காரர். "கயிற்றை நீங்களே அவிழ்த்தீர்கள், சரி. தானாக அவிழ்க்க மாட்டீர்களே. பயணி கேட்டுக்கொண்டாரா? வற்புறுத்தினாரா? யோசித்துச் சொல்லுங்கள், உங்களுக்கும் அது நல்லது" என்றார். அறையில் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்தப் பெண் பந்தை அமுக்குவதை நிறுத்திவிட்டாள்.

"இல்ல சார். நான்தான் கூப்பிட்டேன்" என்றேன்.

ரோலர் கோஸ்டரை மூடி சீல் வைத்துவிட்டார்கள். என் மேல் கேஸ், வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கம்பெனி மேல் என்ன நடவடிக்கை என்று இன்னும் தெரியாது. தினமும் நான் போட்ட கையெழுத்தெல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது, அதிலிருந்து நான் தப்ப முடியாது. ஊரை விட்டுப் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அதனால் உன் பரேடுக்கு அம்மா மட்டும்தான் வருவாள். கோபித்துக்கொள்ளாதே.

நான் ஹிந்தியில் சொன்னதையெல்லாம் சாய்பிரியா தன் அம்மாவுக்குத் தமிழில் சொல்லியிருந்தாள். வெளியே படிக்கட்டில் ஜகதாம்பாள் அம்மா என்னை நிறுத்தினார். "வேண்டாமுன்னு கட்டி வெச்ச கயித்தை நீங்களா அவுத்து, எம்புள்ளையக் கூப்பிட்டு உக்கார வெச்சீங்களா? ஏனுங்கண்ணா, அவ உங்கள என்ன பண்ணுனா?" என்று கேட்டார். சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

பின்னாலிருந்து சாய்பிரியா, "அப்போ நான் கேக்கல, இல்ல அங்கிள்?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன். அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

உன் முட்டி எப்படி இருக்கிறது என்று எழுது. இனி வீட்டு முகவரிக்கே எழுதலாம்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: இதைப் படித்ததும் கிழித்துவிடு. வக்கீல் கையில் கிடைத்தால் எனக்கு நல்லதாகவும் அவளுக்குக் கெட்டதாகவும் போய்விடும். அந்த அம்மாவிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. நான் கூப்பிடவில்லை. கடைசி வரிசையில் உட்காரட்டுமா என்று அவள்தான் கேட்டாள். முடியாது என்று இரண்டு தடவை சொன்னேன், மூன்றாவது தடவையும் சிரித்துக்கொண்டே கேட்டாள்.